திட்டு வாங்க ஓர் ஆள்

“முடியாது என்றாவது சொல்லிவிடுங்கள் சார், நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.” நிரல்களைப் பொதுவில் வைத்துப் பலர் சேர்ந்து எழுதும் கிட்ஹப் தளத்தில், எங்கள் சின்ன மென்பொருளின் பக்கத்தில் ஒருவர் எழுதிய கடைசி வரி இது. அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். இவ்வளவு மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

மென்பொருள் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். திஸ்கி, டாப், பாமினி என்று பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்த தமிழ்க் கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித்தரும், பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு நிரல், அவ்வளவுதான். முதல் சில வருடங்கள் நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டேன். யாராவது புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படித்துப் பார்ப்பேன். பிடித்தால் மெர்ஜ், அதாவது சேர்த்துவிடுவேன்; பிடிக்காவிட்டால் இரண்டு வரி காரணம். பிறகு வேலை மாறியது, வீட்டில் குழந்தை வந்தது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதை யார் பார்ப்பார்கள் என்ற நல்ல கவலையும் வந்தது. அதனால் நிறையப் பங்களித்த இருவரைக் கூட்டிக்கொண்டேன். ஒருவர் டொராண்டோவில் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். இன்னொருவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பெண், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். மூவரும் சேர்ந்ததும் ரீட்மி என்ற அறிமுகக் கோப்பில் பெருமையாக ஒரு விதி எழுதினேன்: எந்த மாற்றமும் மூவரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே சேரும். எழுதி முடித்தபோது ஒரு சின்ன நாட்டுக்கு அரசியலமைப்பு எழுதிக்கொடுத்த மிதப்பு எனக்கு.

அந்த விதிக்கு முதல் சோதனையாக வந்தது ‘ஸ்ரீ’. இந்த எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக வைக்கலாம். 2005க்கு முன்னால் யூனிகோடில் ‘ஶ’ கிடையாது. அதனால் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கையும் கோத்துத்தான் ஸ்ரீ வந்தது. அந்த வருடம் வெளியான 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்ந்தது. அதிலிருந்து, முதலில் ஸகரத்துக்குப் பதில் ஶகரம் வைப்பதே பொருத்தம் என்று யூனிகோடு சொல்கிறது. ஆனால் அதற்குள் எழுதிக் குவித்ததெல்லாம் பழைய முறையில் இருக்கிறதே? இன்று இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தேடும்போதுதான் குட்டு வெளிப்படும்: ஒரு விதமாகத் தட்டித் தேடினால் மற்ற விதத்தில் இருக்கும் ஸ்ரீரங்கம் அகப்படாது. கண் முன்னால் இருக்கும், கணினி இல்லை என்று சாதிக்கும்.

எங்கள் நிரல் பழைய முறையில் எழுதித் தந்துகொண்டிருந்தது. ஒரு கல்லூரி ஆசிரியர், பழைய கோயில் மலர்களை மாற்றிக்கொண்டிருந்தவர், இதற்காகவே பைத்தான் கற்றுக்கொண்டு பதினான்கு வரியில் ஒரு மாற்றம் அனுப்பினார். புதிய முறைக்கு மாறிவிடுவோம் என்றார். எனக்குத் தயக்கம். ஏற்கெனவே எங்கள் நிரலால் மாற்றியவர்களின் கோப்புகள் என்ன ஆவது? கோவைப் பெண் எழுதினார்: “எனக்கு ஆட்சேபணை இல்லை, அண்ணா என்ன நினைக்கிறாரோ.” டொராண்டோ அண்ணா எழுதினார்: “ரெண்டிலயும் ஞாயம் இருக்கு. நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுங்கோ, எனக்குப் பிரச்சினை இல்லை.” நான் எழுதியது இன்னும் மோசம்: “இன்னும் சில பயனர்களின் கருத்தையும் கேட்கலாம்.” எந்தப் பயனர், எப்போது, எப்படி என்று ஒன்றும் இல்லை. சின்ன வயதில் சுற்றுலாவுக்குப் போகலாமா என்று கேட்டால் அப்பா ‘அம்மாவைக் கேள்’ என்பார், அம்மா ‘அப்பா என்ன சொன்னார்’ என்பாள். கடைசியில் பஸ் போய்விடும். அப்படியே பதினொரு மாதம் ஓடியது. ஆசிரியர் நடுவில் மூன்று முறை நினைவுபடுத்தினார். நான்காவது முறை எழுதியதுதான் மேலே சொன்ன வரி.

விதியை யாரும் மீறவில்லை. யாரும் சண்டை போடவில்லை. ஆனால் நான் தனியாக இருந்தபோது ஒரு ராத்திரியில் முடிந்திருக்கக்கூடிய விஷயம் இது. அப்படியானால் பழையபடி ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்வதுதான் சரியா? இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் 2018இல் படித்த ஒரு கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன்.

ஜெயித்தவர் எழுதிய கடிதம்

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018 ஜூலை 12ஆம் தேதி தன் சக டெவலப்பர்களுக்கு எழுதியது. தலைப்பு ‘அதிகார மாற்றம்’. 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக அவர் தொடங்கிய மொழி பைத்தான். 1995 முதல் அவருக்கு ஒரு பட்டமும் உண்டு: ஆயுட்கால நல்லெண்ண சர்வாதிகாரி. வேடிக்கைக்கு வைத்த பெயர்தான், ஆனால் அதில் இருந்த அதிகாரம் நிஜம். மொழியில் எந்த மாற்றம் வேண்டுமானாலும் அதை ‘பெப்’ என்ற முன்மொழிவாக எழுதவேண்டும், எல்லோரும் விவாதிப்பார்கள், கடைசியில் சரி அல்லது வேண்டாம் என்று சொல்வது கைடோ, அல்லது அவர் கைகாட்டும் ஆள்.

அந்த வருடம் பிரச்சினையைக் கிளப்பியது பெப் 572. நிரலில் ஒரு கணக்கீட்டுக்கு நடுவிலேயே அதன் மதிப்பை மாறியில் (வேரியபிள்) போட்டுவைக்க := என்ற குறி. தலையைச் சாய்த்துப் பார்த்தால் கண்ணும் தந்தமுமாக வால்ரஸ் மாதிரி இருப்பதால் வால்ரஸ் என்றே பெயர் வந்துவிட்டது. எழுதியவர்கள் கிறிஸ் ஏஞ்சலிகோ, டிம் பீட்டர்ஸ், அப்புறம் கைடோவே. பைத்தானின் எளிமையைக் கெடுக்கிறது என்று பலர் எதிர்த்தார்கள். மாதக்கணக்கில் விவாதம், எல்லா இடத்திலும். கடைசியில் கைடோ அதை ஏற்றார். அடுத்த சில நாட்களில் இந்தக் கடிதம்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். சர்வாதிகாரி போகிறார், ஜனநாயகம் வருகிறது என்று அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. இப்போது, பதினொரு மாத மௌனத்துக்குப் பிறகு படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. கைடோ தோற்றுப்போய் விலகவில்லை. அவர் நினைத்ததுதான் நடந்தது. கடிதத்தின் தொடக்கத்திலேயே சொல்கிறார்: ஒரு பெப்புக்காக இவ்வளவு போராடி, கடைசியில் என் முடிவை இத்தனை பேர் வெறுப்பதைப் பார்ப்பது இனி எனக்கு வேண்டாம். எனக்குக் களைப்பாக இருக்கிறது, மிக நீண்ட ஓய்வு வேண்டும். உடம்பு உபாதைகளின் பட்டியலைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தவில்லை என்றும், எப்படியும் ஒரு நாள் என்மேல் மோத ஏதோ ஒரு பஸ் மூலையில் காத்திருக்கிறது என்றும் ஒரு வரி.

வாரிசு யாரையும் நியமிக்கவில்லை. நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், ஜனநாயகமா, அராஜகமா, சர்வாதிகாரமா, கூட்டாட்சியா என்று கேட்டுவிட்டு, அன்றாட வேலைகள் பற்றிக் கவலையில்லை, இரண்டே கேள்விக்கு வழி கண்டுபிடியுங்கள் என்கிறார்: பெப்புகளை எப்படி முடிவு செய்வீர்கள்? புதிய டெவலப்பர்களை எப்படிச் சேர்ப்பீர்கள்?

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. தலைமை என்றால் அதிகாரம் என்றே நான் நினைத்திருந்தேன். அதனால் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்துக்கொடுத்துவிட்டு நல்ல பிள்ளை ஆனேன். ஆனால் அந்த நாற்காலியில் அதிகாரத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் இருக்கிறது: முடிவு பிடிக்காதவர்களின் கோபத்தை வாங்கிக்கொள்ளும் வேலை. கைடோ ஏறக்குறைய முப்பது வருடம் அதைத் தனியாகச் செய்தார். நான் என்ன செய்தேன்? அதிகாரத்தைப் பிரித்தபோது அந்த வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை, என்னிடமும் வைத்துக்கொள்ளவில்லை. ‘மூவரும் ஒப்புக்கொண்டால்’ என்ற விதி உண்மையில், ‘என்னை யாரும் குறை சொல்ல முடியாது’ என்பதற்கு நான் போட்ட நாகரிகச் சட்டை. மூன்று பேருக்கும் வீட்டோ இருந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பெயர் கெட்டுப்போக ஒருவருக்கும் மனமில்லை. அந்தச் சுமையை ஆசிரியர் சுமந்தார்.

(அதே 2018இன் செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் கொஞ்ச நாள் ஒதுங்கி நின்றார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் கடைசிச் சொல் அவருடையது. அவருடைய சிக்கல் நேர்மாறு: மற்றவர்களைத் திட்டியதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கினார். ஒரே கோடையில் ஒருவர் திட்டு வாங்கிக் களைத்தார், இன்னொருவர் கொடுத்ததற்கு வருந்தினார்.)

ஐந்து பேர் கையெழுத்து

கைடோ போனதும் பைத்தான்காரர்கள் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. அவசரமாக இன்னொருவரை உட்கார வைக்கவில்லை. ரஸ்ட், ஜாங்கோ, ஓப்பன்ஸ்டாக் என்று மற்ற திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து எழுதிவைத்தார்கள். பிறகு ஏழு ஆட்சிமுறைகள் முன்மொழியப்பட்டன. ஒரே தலைவர் முறையே தொடரட்டும் என்ற முன்மொழிவும் அதில் உண்டு. அந்தப் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் வைத்து, முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கைடோ’ என்று வரும்படி செய்திருந்தார்கள். ஆள் போனாலும் பெயரை விட மனமில்லை. 2018 டிசம்பர் 1 முதல் 16 வரை வாக்கெடுப்பு. ஒன்றுக்கு மட்டும் குத்துவதல்ல, எல்லாவற்றையும் விருப்ப வரிசையில் அடுக்கவேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் எது முந்துகிறது என்று பார்த்து வெற்றியைச் சொல்லும் காண்டார்செட் முறை. வென்றது பெப் 8016, ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு.

அந்தக் குழுவின் விதிகளை உட்கார்ந்து படித்தேன். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. பைத்தானின் ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் ஒரு தேர்தல். முக்கிய டெவலப்பர்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் குழுவையே இறக்கிவிடலாம். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, இவ்வளவு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அதை முடிந்த அளவு குறைவாகப் பயன்படுத்துங்கள் என்று அதே ஆவணம் சொல்வது. வாக்கெடுப்பதைவிட இணக்கம் தேடுவது நல்லது. ஒவ்வொரு பெப்புக்கும் தீர்ப்புச் சொல்வதைவிட முடிவெடுக்கும் வழியை வகுத்துத் தருவது நல்லது. ஆனால் யாராலும் முடியாமல் போனால் இவர்கள் முடிவெடுத்தே ஆகவேண்டும். எங்கள் ரீட்மியில் இல்லாதது அந்தக் கடைசி வரிதான்.

2019 பிப்ரவரியில் முதல் குழு: பாரி வார்சா, பிரெட் கேனன், கேரல் வில்லிங், நிக் காக்லன், ஐந்தாவதாகக் கைடோவே. அடுத்த தேர்தலில் அவர் விலகிக்கொண்டார். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அதற்குப் பிறகு வருகிறது. 2020இல் பைத்தானுக்கு ‘மேட்ச்’ என்ற வடிவப் பொருத்தம் (தரவின் வடிவத்தைப் பார்த்து அடுத்த வேலையைத் தீர்மானிக்கும் வசதி) வேண்டும் என்று ஒரு முன்மொழிவு வந்தது. எழுதியவர்களில் ஒருவர் கைடோ. அதாவது, தான் உருவாக்கிய மொழியில் ஒரு மாற்றம் வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டு, குழு என்ன சொல்லும் என்று காத்திருந்தார். எதிர்ப்பும் பலமாக இருந்தது. முன்மொழிவைப் பிரித்துத் திருத்தி எழுதவேண்டி வந்தது. 2021 பிப்ரவரியில் குழு அதை ஏற்றது. எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்றும் ஒளிக்காமல் சொன்னது. கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் கோபம் ஒரு மனிதர் தலையில் விழவில்லை. ஐந்தாகப் பிரிந்தது; அதிலும் ஒருவர் அடுத்த தேர்தலில் நிற்காமல் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க முடியாதபடி டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் இருக்கிறது. அங்கே 1998 முதலே எழுதப்பட்ட அரசியலமைப்பு, வருடாவருடம் தலைவர் தேர்தல், தொழில்நுட்பச் சிக்கல்களுக்குத் தனிக் குழு. கணினி எழுந்திருக்கும்போது சேவைகளைத் தொடங்க எதை வைப்பது, சிஸ்டம்டியா அப்ஸ்டார்ட்டா என்ற வழக்கு 2014இல் அந்தக் குழுவுக்குப் போனது. எட்டுப் பேர். நான்குக்கு நான்கு. குழுத் தலைவர் டேல் கார்பி தன் முடிவு வாக்கைச் சிஸ்டம்டிக்குப் போட்டு முடித்தார். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் சண்டை ஓயவில்லை. அந்த நவம்பரில் குழுவிலிருந்து மூன்று பேர் விலகினார்கள், சிஸ்டம்டி வேண்டாம் என்றவர்கள் தேவுவான் என்று பிரிந்து போனார்கள். 2019இல் தலைவர் தேர்தலுக்கு மனுத்தாக்கல் செய்யவேண்டிய நாள் முடிந்தபோது போட்டியிட ஒருவரும் இல்லை. ஒரு வாரம் நீட்டித்த பிறகுதான் ஆள் கிடைத்தது. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, உடனே எங்கள் மூவரின் நினைவும் வந்தது.

முட்டுக்கட்டை

இப்படி யாரும் பார்த்து மாற்றும்படி நிரலைத் திறந்து வைக்கும் திறந்த மூல மென்பொருளைப் பற்றித் தமிழில் யார் பேசினாலும் ‘ஊர் கூடித் தேர் இழுப்பது’ வந்துவிடும். நானே இரண்டு மேடையில் சொல்லியிருக்கிறேன். தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடம் பிடிப்பவர்கள் தேரைத் திருப்புவதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது முன்னால் இழுப்பது மட்டும். வீதி முனையில் தேரைத் திருப்புவது சக்கரத்தோடு சக்கரமாக நடந்து வரும் முட்டுக்கட்டைக்காரர்கள். வழுவழுப்பான ஆப்புக் கட்டையைச் சரியான நொடியில் சக்கரத்தின் கீழே செருகி, சக்கரம் அதில் ஏறிச் சறுக்கும்போது தேரைப் பக்கவாட்டில் தள்ளுவார்கள். கையை எடுக்கக் கண்ணிமைக்கும் நேரம்தான். ஒரு சாண் பிசகித் தேர் யார் வீட்டுத் திண்ணையையாவது உரசினால், வடம் பிடித்த ஆயிரம் பேரை யாரும் கேட்க மாட்டார்கள். கட்டை போட்டவனைத்தான் கேட்பார்கள். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் இடைஞ்சல். தேரடியில் அது ஸ்டீயரிங்.

அபாச்சி அறக்கட்டளையின் மென்பொருள் திட்டங்களில் இதற்கு நிகரான ஒரு வழக்கம் உண்டு. நிரலில் ஒரு மாற்றத்தை வாக்குரிமை உள்ள யாரேனும் மறுத்து ‘-1’ போடலாம், ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லவேண்டும். காரணம் இல்லாத மறுப்பு செல்லாது. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், பொதுவாக 72 மணி நேரம் பொறுத்துவிட்டு. எங்கள் விதியில் இது தலைகீழாக இருந்தது: மௌனம் என்றால் மறுப்பு, அந்த மறுப்புக்குக் காரணமும் சொல்லவேண்டியதில்லை, பெயரும் போடவேண்டியதில்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம். மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காணொளியில் உட்கார்ந்தோம்; அண்ணாவுக்கு அங்கே காலை, அவர் மனைவி பின்னால் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். ரீட்மியில் இருந்த விதியை அழித்தோம். இப்போது ஒவ்வொரு இஷ்யூவுக்கும், அதாவது பக்கத்தில் எழுப்பப்படும் ஒவ்வொரு பிரச்சினைக்கும், எங்களில் ஒருவர் பெயர் இருக்கும். மற்ற இருவரும் ஏழு நாளுக்குள் காரணத்தோடு மறுக்கலாம், இல்லாவிட்டால் அந்த ஒருவர் முடிவுதான் முடிவு. முடிவின் கீழே பெயரும் காரணமும் எழுதவேண்டும். ‘ஸ்ரீ’யை எனக்கே ஒதுக்கினார்கள், நியாயம்தான். இரண்டையும் விருப்பத்தேர்வாக வைத்துவிடலாமே என்று முதலில் தோன்றியது. முடிவெடுக்கப் பயப்படுகிறவர்கள் மென்பொருளில் கண்டுபிடித்த பெரிய உபாயம் அது. ஒவ்வொரு நிரலின் அமைப்புகள் பக்கத்திலும் அதன் கல்லறைகளைப் பார்க்கலாம். அதை ஒதுக்கிவிட்டு யூனிகோடு ஆவணத்தை மறுபடி படித்தேன். ஆசிரியர் சொன்னதுதான் சரி. அவருடைய பதினான்கு வரியையும் அவர் பெயரிலேயே மெர்ஜ் செய்து, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. வரும் என்று நினைக்கவும் இல்லை.

நான்காவது நாள் வேறொருவரிடமிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பழைய முறையில் மாற்றி வைத்திருப்பவர். யாரைக் கேட்டு மாற்றினீர்கள், எங்கள் தேடல் முழுக்கக் குழம்பிவிட்டது, இது என்ன உங்கள் சொந்தச் சொத்தா என்று நீளமாக, சூடாக. அவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. இரவு பதினொன்றரை. பதில் எழுத உட்கார்ந்து, மூன்று முறை தட்டி மூன்று முறை அழித்தேன். நான்காவது முறை தட்டத் தொடங்கியபோது பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. டொராண்டோ அண்ணா முந்திக்கொண்டிருந்தார்.

“நானும் பார்த்து ஓம் எண்டு சொன்னது. பழைய கோப்புகளை மாத்த ஒரு சின்ன நிரல் எழுதித் தாறன், ரெண்டு நாள் தாங்கோ. ஏசுறதெண்டால் என்னையும் சேர்த்து ஏசுங்கோ.”